பதினைந்து நிமிடக் குரலும் இரண்டு டிஸ்க்கும்

சனிக்கிழமை காலை லேப்டாப் 'டிக்' என்றது. வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. அவள் காதில் விழுந்தது. அதுதான் சங்கடமே.

அவளுடைய பிழைப்பே காதுதான். பாடங்களை ஒலிப்பதிவு செய்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே ஒலியைச் சுத்தம் செய்து கொடுப்பாள். பாடம் சொல்பவர் இருமினால் வெட்டுவாள், தெருவில் வண்டி ஹாரன் அடித்தால் தேய்த்து எடுப்பாள், நாற்காலி முனகினால் அதையும் விட்டுவைக்க மாட்டாள். பதினோரு வருடமாக இதே வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாற்பது மணி நேர உயிரியல் பாடத்தைத் துடைத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம் அதில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். சொற்களுக்கு அடியில் என்ன இரைச்சல் ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டு, சொற்கள் அவள் மனதில் ஏறாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த 'டிக்' வந்தபோது எதிரில் அவள் கணவர் உட்கார்ந்து நூற்று நாற்பதாவது வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வண்டியில் ஏறியது முதல் இறங்கும் வரை "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பயிற்சிக்கு வந்தவர்கள் அவருக்கு 'மெதுவா சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி. வரும் வியாழக்கிழமை குரல்பெட்டியை எடுத்துவிடப் போகிறார்கள். புதன்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு மென்பொருள் இருக்கிறது; திரையில் வாக்கியம் வாக்கியமாகக் காட்டும்; அதைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இருநூறு வாக்கியம் சேர்ந்தால், பிறகு அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் கருவி அவருடைய குரலிலேயே பேசும். இருநூறுக்குக் கீழே போனால் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளின் குரல்தான் கிடைக்கும். அவருடைய குரலோ காலையில் வெந்நீர் குடித்து ஆவி பிடித்தால் பதினைந்து நிமிடம் நிற்கும், பிறகு காற்றுதான் வரும். நாளைக்கு இருபது வாக்கியம் என்று ஏழு நாளில் நூற்று நாற்பது தேறியிருந்தது. இன்னும் மூன்று காலைகள், அறுபது வாக்கியங்கள். கணக்கு இம்மி பிசகாமல் சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப் டிக்கென்றது; இரண்டு நிமிடத்தில் திரை அசையாமல் நின்றும் போயிற்று.

அடுத்த அரை மணியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தம்பியின் கடையில் நின்றாள். தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது, இப்போதே நகல் எடுத்தால் தப்பிக்கலாம் என்றான். பிறகு மேசை மேல் இரண்டு டிஸ்க்குகளை எடுத்து வைத்தான். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்று நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு முறை சுற்றுவது, மற்றது ஏழாயிரத்து இருநூறு முறை. சுற்றவே சுற்றாத, சத்தமே வராத வகையும் இருக்கிறது, ஆனால் சொல்லி வரவழைத்தால் வெள்ளிக்கிழமைதான் கைக்குக் கிடைக்கும் என்றான். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் பதிவு செய்யக் குரல் இருக்காது.

"எது வேணும்க்கா?" என்று கேட்டான்.

அவளுக்கு அது தெரிந்தால்தான் தேவலையே. மெதுவான டிஸ்க் அதிகம் சத்தம் போடாது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்து அடுத்ததைக் காட்டுவதற்குள் பழையதைப் போலவே ஆற அமர நேரம் எடுக்கும். பதினைந்து நிமிடத்தில் இருபது வாக்கியத்துக்கு மேல் தேறாது. வேகமானது முப்பது வரை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ரீங்காரம் போடும், சூடேறும், சூடேறினால் விசிறியும் சேர்ந்துகொள்ளும். அவர் திரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதால் லேப்டாப்பை வேறு அறையில் வைக்கவும் வழியில்லை. ஒன்று வாக்கியங்களைத் தின்றுவிடும், மற்றது வாக்கியங்களைக் கெடுத்துவிடும்.

தம்பி இரண்டு டிஸ்க்கிலும் எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கிறேன், போட்டுப் பார்த்துப் பிடிக்காததைத் திருப்பிக் கொடு என்றான். பின்பக்க மூடியில் இரண்டே திருகாணி, நீயே மாற்றிக்கொள்ளலாம் என்று செய்தும் காட்டினான். நல்ல பிள்ளை. இதைவிட மோசமான உதவியை யாரும் அவளுக்குச் செய்திருக்க முடியாது. அவளிடம் ஒரு டிஸ்க்கை மட்டும் கொடுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

ஏனென்றால் அவள் சுபாவம் அப்படி. கேஸை மூடினோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பாள். காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி நேராக்கி, மறுபடி இறங்கிப் பார்ப்பாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் நாலு வாரம் என்றால் அவளுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அங்கே கற்றுக்கொடுத்தவரையே கட்டிக்கொண்டது தனிக்கதை. "அக்காவுக்குக் கிளட்ச் பிடிபடறதுக்குள்ள மாமா பிடிபட்டுட்டார்" என்று தம்பி இன்றுவரை கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். ஆனால் தான் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ளாத மண்டு, ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்தால்தான் உருப்படும் என்ற எண்ணம் அந்த ஏழு வாரத்தில் ஊறியது, ஊறியதுதான்.

நகலெடுத்து முடிக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிட்டது. அன்றைய காலைக் குரல் வீணாயிற்று. கணவர் வெந்நீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காலி மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அவள் நெஞ்சை அறுத்தது. இனி இரண்டே காலைகள். மெதுவான டிஸ்க்கைப் போட்டால் நூற்று எண்பதில் நின்றுவிடும். வேகமானதைப் போட்டால் இருநூறு. சின்னக் குழந்தைகூட எது என்று சொல்லிவிடும்.

அன்று மதியம் அவள் வேகமானதைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, வெறும் அறையைப் பதிவு செய்து கேட்டாள். ரீங்காரம் இருந்தது. மெல்லியதுதான், ஆனால் விடாமல். இந்தக் குரல்தான் இனி அவருக்கு ஆயுசுக்கும். மகளைக் கல்லூரி விடுதிக்கு போனில் கூப்பிட்டுச் "சாப்பிட்டியா" என்று கேட்டாலும் அதற்கடியில் இந்தச் சனியன் ரீங்கரித்துக்கொண்டே இருக்குமே என்று நினைத்தாள். இணையத்தில் போய்ப் படித்தாள். ஐயாயிரத்து நானூறுக்காரர்களும் ஏழாயிரத்து இருநூறுக்காரர்களும் அங்கே பங்காளிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவர் வெந்நீர் குடித்து, ஆவி பிடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாக்கியம் நூற்று நாற்பத்தொன்று காத்திருந்தது.

"ரெண்டே நிமிஷம்" என்றாள் அவள். "ஒரு சோதனை மட்டும் பாத்துடறேன். ஏதாவது பேசுங்க. பத்து செகண்ட் போதும்."

அவர் பேசினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடியில் ஓடும் இரைச்சலைக் கேட்டாள். பத்து செகண்ட் ஆனதும் "போதும்" என்று கையைக் காட்டினாள். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாள், லேப்டாப்புக்கு அடியில் மடித்த போர்வையை வைத்தாள், ஏதாவது பேசுங்க, போதும். ராத்திரியே மாற்றிப் போட்டிருந்த மெதுவான டிஸ்க்கில் பன்னிரண்டு சோதனை. பிறகு திருகாணியைக் கழற்றி வேகமானதைப் போட்டுப் பன்னிரண்டு. முதலில் கேட்டது மறந்துபோன மாதிரி இருந்தது, அதனால் மறுபடி மெதுவானது. மறுபடி வேகமானது. ஒவ்வொன்றுக்கும் மெது-1, மெது-2, வேகம்-1 என்று ஒழுங்காகப் பெயர் வைத்தாள். டிஸ்க் மாற்றும் நேரத்தில் அவர் பேசாமல் காத்திருந்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

கடைசிச் சோதனை முடிந்ததும் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. வேகமான டிஸ்க்தான், போர்வையை நாலாக மடித்து வைத்தால் ரீங்காரம் பாதியாகக் குறைகிறது. "சரி, வாக்கியத்தைப் படிங்க" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பரவாயில்லை என்பது போல் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுக்காமல் இரண்டு திட்டு திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை குரல் கரகரத்துப்போய்த்தான் வந்தது. வேகமான டிஸ்க் தன் வேலையைச் செய்தது, குரலால்தான் முடியவில்லை. பதினேழு வாக்கியத்தோடு நின்றது. மொத்தம் நூற்று ஐம்பத்தேழு. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேச்சுப் பயிற்சி அம்மாவுக்கு போன் செய்தாள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். விசிறிச் சத்தம், டிஸ்க் சத்தமெல்லாம் மென்பொருளே வடிகட்டிக்கொள்ளும், அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா என்றார். அவள் யாரையும் கேட்கவில்லை. ஒலியைப் பற்றி அவளிடம்தான் மற்றவர்கள் கேட்பது வழக்கம்.

"சார் வேற எங்கயாவது தெளிவா பேசினது இருக்காம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். "பட்டியல்ல இருக்கற வாக்கியமா இருக்கணும்னு இல்ல. என்ன பேசியிருக்கார்னு எழுத்துக்கு எழுத்து டைப் பண்ணிச் சேர்த்தா போதும்."

போனை வைத்ததும் அவளுக்குச் சோதனைகள் ஞாபகம் வந்தன. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பத்து. நாற்பத்தாறு. கூட்டிப் பார்த்தாள். இருநூற்று மூன்று வந்தது. சொல்லலாம் என்று எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். கணவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

டைப் செய்வதற்காக ஹெட்போனை மாட்டினாள். வேகமான டிஸ்க்தான் லேப்டாப்பில் இருந்தது. வேகம்-1 ஐத் திறந்தாள். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியிருப்பார் என்று நினைத்தாள்.

"ரெண்டாவது வாரத்துலயே நீ நல்லா ஓட்டினே. எதிர்ல லாரி வந்தப்ப, நான் என் பக்கத்து பிரேக்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே நீ ஒதுங்கிட்டே—" என்றது அவர் குரல். அதை வெட்டிக்கொண்டு "போதும்" என்றது அவளுடைய குரல்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேகம்-2 ஐத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் அவள் வெட்ட, ஒவ்வொரு முறையும் அவர் வெட்டுப்பட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார். தொடக்கம் மெதுவான டிஸ்க்கில் இருந்தது. கழற்றிய திருகாணி கை நழுவி மேசைக்கடியில் உருண்டு ஓடியது. தேடி எடுத்து, டிஸ்க்கை மாற்றி, மெது-1 இலிருந்து வரிசையாகக் கேட்டாள்.

ஒன்று இரண்டு மூன்று சொல்லி அலுத்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தார். வேறு ஏதாவது சொல்கிறேன், நீ கேட்கப் போவதில்லை, மூஞ்சியைப் பார்த்தாலே டிஸ்க்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது, அதனால் தைரியமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் என்றார். போதும். நீ கார் கற்றுக்கொள்ள வந்தபோது கிளட்ச் வரவில்லை, கிளட்ச் வரவில்லை என்று ஏழு வாரம் ஓட்ட வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா என்றார். போதும். முதல் நாள் அவள் போட்டிருந்த செருப்பு, வழியெல்லாம் அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்த கியர் கணக்கு, எல்லாம் சொன்னார். நடுநடுவே போதும், போதும். தன் குரல் இத்தனை ஈரமில்லாமல் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மூன்றாவது கட்டு மறுபடி மெதுவான டிஸ்க்கில். "அஞ்சு வாரம் பொய் சொன்னேன். 'இன்னும் பழகணும், நீ இன்னும் தயாரா இல்ல'ன்னு. விட்டா லைசன்ஸ் வாங்கிட்டுப் போயிடுவே, அதான். நீ அத அப்படியே நம்பிட்டே. நான் விளையாட்டாச் சொன்னது. நீ இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டு இருக்கே."

நாலாவது கட்டு வேகமானதில். மறுபடி கழற்றி மாட்டினாள். அங்கே ரீங்காரம் இருந்தது. அது காதில் விழவே இல்லை.

"ஒவ்வொண்ணையும் மூணு தடவ சரிபாக்கறே பாரு, அப்பல்லாம் எனக்குக் குத்தும். இருபது வருஷமா சொல்லணும்னு நினைப்பேன். குரல் எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன்." போதும். கடைசி, வேகம்-22: "நீ அன்னிக்கே தயாராதான் இருந்தே. நான்தான்—"

"போதும்" என்றது அவள் குரல். அதோடு முடிந்தது.

அவள் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து டைப் செய்தாள். அந்தக் கடைசி வரியில் 'நான்தான்' என்று அடித்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தம்பி போன் செய்து, புதன் காலை ஏழு மணிக்கு வண்டி கொண்டு வருகிறேன், வேண்டாத டிஸ்க்கையும் எடுத்துக்கொள்கிறேன், எது என்று கேட்டான். ரெண்டும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை பை கட்டி வாசலில் தயாராக இருந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பழக்க தோஷத்தில் மேசைமுன் உட்கார்ந்தார். அவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். லேப்டாப் திறந்திருந்தது, உள்ளே எந்த டிஸ்க் இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. போர்வை மடிக்கவில்லை, மைக்கை நகர்த்தவில்லை. பதிவை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"கணக்கு சேர்ந்துடுச்சே, இன்னும் என்ன?" என்று திரையில் இருந்த இருநூற்று மூன்றைப் பார்த்துக் கரகரப்பாகக் கேட்டார்.

"கடைசில ஒண்ணு பாதில நிக்குது. 'நான்தான்'னு ஆரம்பிச்சீங்க. நான் நிறுத்திட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். காது வரை சிவந்தார். "கேட்டியா" என்றார்.

"இப்பதான் கேட்டேன். முடிங்க."

அவர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமினார். அவள் இத்தனை வருடம் வெட்டி எறிந்த மாதிரியான செருமல்தான்.

"நான்தான் தயாரா இல்ல" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவும் இல்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போதும் என்று சொல்லவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. டிஸ்க் சுற்றுவது பதிவாயிற்று, நாற்காலி முனகியது பதிவாயிற்று, இருவரில் யாரோ மூக்கை உறிஞ்சியது பதிவாயிற்று. சரியாக ஏழு மணிக்குத் தம்பி வந்து வாசலில் ஹாரன் அடித்தான். அதுவும் பதிவாயிற்று.